கீசர் ரிப்பேரா, புதுசா? வயதைப் பார்க்காதீர்கள், ஒழுகும் இடத்தைப் பாருங்கள்

மார்கழி பிறந்தால் காஞ்சிபுரத்தில் கீசர் மெக்கானிக்குகளின் போன் ஓயாது. எட்டு மாதம் சும்மா கிடந்த கீசரை ஒருநாள் விடியற்காலையில் ஆன் செய்தால், ஒன்று தண்ணீர் சூடாகாது, இல்லையென்றால் டிரிப் ஆகும், அதுவும் இல்லையென்றால் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகும். வந்து பார்ப்பவர் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்: "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு சார்?" பத்து என்று சொல்லிவிட்டால் தீர்ப்பு ரெடி. "புதுசு போட்டுடுங்க சார், இதுல காசு போடாதீங்க."

ஓரிக்கை மாதிரி இடங்களில் இந்த முடிவை எடுப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டில் இருப்பதில்லை. அப்பா அம்மா தறி இருக்கும் பழைய வீட்டில் இருப்பார்கள். மகனோ மகளோ ஒரகடத்திலோ சென்னையிலோ வேலையில் இருப்பார். வாட்ஸ்அப்பில் துருப்பிடித்த கீசரின் போட்டோ ஒன்று வரும், கூடவே "என்னப்பா பண்றது?" என்று ஒரு கேள்வி. ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே ஆன்லைனில் ஒரு 5 ஸ்டார் கீசரைத் தட்டிவிடுவது சுலபம். பெருமாள் ஓர் இரவு தங்கியதால் 'ஓரிருக்கை', அதுவே ஓரிக்கை ஆனது என்று தலபுராணம் சொல்லும். கீசர் விஷயத்தில் அப்படி ஓர் இரவுக்குள் முடிவு செய்ய வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

கூகுளில் தேடினால் இரண்டு விதிகள் கண்ணில் படும். ஒன்று, பத்துப் பதினைந்து வருடம் ஆனால் மாற்று. இன்னொன்று, ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று. இரண்டுமே பெரும்பாலும் குளிர் நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே 'பாய்லர்' என்றால் நம்மூர் டீக்கடை பாய்லர் இல்லை. கேஸில் எரிந்து, முழு வீட்டையும் மாதக்கணக்கில் சூடாக வைத்திருக்கும் இயந்திரம். அதன் சூட்டில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாக வீணாகும். பழைய பாய்லரில் அந்த இழப்பு அதிகம். புதிய 'கண்டென்சிங்' வகை, வெளியேறும் புகையிலிருந்தே சூட்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் பிரிட்டனில் 2005-ல் புதிதாகப் பொருத்துபவை கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஜெர்மனியிலும் 30 வருடம் தாண்டிய சில வகைப் பாய்லர்களை மாற்றியே ஆக வேண்டும். அங்கே பழசை வைத்துக்கொண்டிருந்தால் வருடா வருடம் நிஜமாகவே காசு கரையும்.

நம் வீட்டு எலக்ட்ரிக் கீசரில் புகைபோக்கியே கிடையாது. காயில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அது வெளியிடும் சூடு கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீருக்குத்தான் போகும், காயில் 2010-ல் வாங்கியதானாலும் சரி, நேற்று வாங்கியதானாலும் சரி. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ அரை யூனிட் கரண்ட் வேண்டும். அது இயற்பியல் கணக்கு, எந்த கம்பெனியாலும் குறைக்க முடியாது. "பழைய கீசர் கரண்டைக் குடிக்கும்" என்று கடையில் சொல்வதில் பாதிகூட உண்மை இல்லை.

அப்படியானால் ஸ்டார் எதற்கு? சூடான தண்ணீர் டேங்கிலேயே இருக்கும்போது மெல்ல மெல்ல ஆறும். அந்த இழப்பைத்தான் ஸ்டார் லேபிள் அளக்கிறது. லேபிளை உற்றுப் பார்த்தால், 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் இப்படிப் போகும் என்று எழுதியிருக்கும். ஒரு பழைய கீசரில் நாளுக்கு ஒரு யூனிட் போகிறது, புதியதில் அரை யூனிட்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஆனில் விட்டால், இரண்டு மாத பில்லில் மிச்சம் 30 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் 150 ரூபாய். வருடத்தில் நான்கு மாதம்தான் வெந்நீர் வேண்டும் என்ற வீட்டுக்கு, வருட மிச்சம் 300 ரூபாய். 9,000 ரூபாய் கீசர் இந்த மிச்சத்தில் தன் விலையை ஈட்ட 30 வருடம் ஆகும்.

குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் ஆன் செய்து, பிறகு ஆஃப் செய்துவிடும் வீட்டில் அந்த 300 ரூபாய் மிச்சமும் கிட்டத்தட்ட இல்லை. அம்மாக்கள் வழக்கமாகச் செய்வது இதைத்தான்.

குளியலுக்கு ஆகும் செலவும் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு டேங்க் சூடான தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால், இதமான சூட்டில் இரண்டு வாளி வரும். ஆளுக்கு ஒரு வாளி என்றால் நான்கு பேருக்கு இரண்டு டேங்க், நாளுக்கு ஒரு யூனிட் சொச்சம், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளர்களுக்கு 2023 முதல் 300 யூனிட் இலவசம். தறி ஓடும் ஓரிக்கை வீட்டில் கீசரின் கரண்ட் செலவு ஒரு பெரிய விஷயமே இல்லாமல் போகலாம். கவனிக்க வேண்டியது வேறு வீடுகள்: ஏசி, பம்ப் எல்லாம் சேர்ந்து 500 யூனிட்டை ஒட்டி நிற்பவை. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைத்த சலுகையும் போய்விடும். அங்கேயும் கீசரை ஆஃப் செய்யும் பழக்கம் போதும், புது கீசர் தேவையில்லை.

ஆக, கரண்ட் பில்லைக் காரணம் காட்டிக் கீசரை மாற்றுவது வீண். மாற்றுவதற்கான நியாயமான காரணங்கள் இரண்டே: டேங்க் போய்விட்டது, அல்லது கீசர் ஆபத்தாகிவிட்டது.

எங்கே ஒழுகுகிறது?

கீசரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. தண்ணீர் நிற்கும் டேங்க், சூடாக்கும் காயில், சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட், அது தவறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட், அழுத்தம் ஏறினால் திறந்துவிடும் வால்வு, கசியாமல் பிடிக்கும் ரப்பர் கேஸ்கட், பிறகு மெக்னீசியம் கம்பி ஒன்று. டேங்கைத் தவிர மற்ற எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய உதிரிகள்.

தண்ணீர் சூடாகவில்லையா? காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட் மூன்றில் ஒன்று. அரை மணி நேர வேலை. ஆன் செய்தவுடன் டிரிப் ஆகிறதா? பெரும்பாலும் காயிலின் உறை வெடித்து, கரண்ட் தண்ணீரைத் தொடுகிறது. காயில் மாற்றினால் தீரும், மாற்றும்வரை தொடவே கூடாது. கொதிக்கக் கொதிக்க வருகிறதா? தெர்மோஸ்டாட் நிற்காமல் ஓடுகிறது, உடனே ஆஃப் செய்ய வேண்டிய கேஸ். அடிப்பக்கத் தகட்டின் ஓரமாகச் சொட்டுகிறதா? கேஸ்கட். இவற்றில் எதற்கும் புது கீசர் வேண்டாம், அதன் வயது பன்னிரண்டே ஆனாலும்.

வால்விலிருந்து சொட்டுவதுதான் நிறையப் பேரைக் குழப்புவது. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர், 30 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவு கூடும். வந்த வழியே திரும்பிப் போக விடாத வால்வு இருந்தால், கூடுதல் தண்ணீர் அந்த அழுத்த வால்வு வழியாகத்தான் சொட்டும். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றுவிட்டால் அது ரிப்பேர் இல்லை, வால்வு தன் வேலையைச் செய்கிறது. தரை ஈரமாகிறதே என்று அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நாளில் கைவிட்டால், அடைத்த கீசர் குளியலறைச் சுவரில் தொங்கும் வெடிகுண்டுதான். நாள் முழுக்கச் சொட்டினால் வால்வை மாற்றலாம். அடைக்கக் கூடாது.

இதெல்லாம் இல்லாமல், வெளிக்கூட்டுக்குள்ளிருந்து துரு கலந்த தண்ணீர் வடிந்தால் டேங்க் ஓட்டை. அங்கே ரிப்பேர் பேச்சுக்கு இடமில்லை. வெல்டு வைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த வருடம் ஓட்டை விழும். டேங்கைச் சுற்றியிருக்கும் பஞ்சு நனைந்து, ஒயரிலும் ஈரம் ஏறியிருக்கும். மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக் "டேங்க் போச்சு" என்று சொன்னால் மூடியைக் கழற்றி ஈரம் எங்கிருந்து வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான் என்றால் வீடியோ காலில் பார்க்கலாம். "அண்ணே, கொஞ்சம் அந்த அடிப்பக்கத்தைக் காட்டுங்க" என்று கேட்பதில் சண்டை ஒன்றும் இல்லை. நல்ல மெக்கானிக் சந்தோஷமாகவே காட்டுவார். மாற்றிய பழைய உதிரியையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான எதிரி தண்ணீர்

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரு வீட்டில் பதினைந்து வருடமும் இன்னொரு வீட்டில் நான்கு வருடமும் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். ஓரிக்கை பாலாற்றங்கரை ஊர். குழாய்த் தண்ணீர் ஒரு பக்கம், போர் தண்ணீர் ஒரு பக்கம், பல வீடுகளில் மொட்டை மாடி டேங்கில் இரண்டும் கலக்கும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் நாம் 'உப்பு' என்று சொல்லும் கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். இந்தச் சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர், சூட்டில் பிரிந்து படியும். இருப்பதிலேயே சூடான இடம் காயில் என்பதால் முதல் படிவு அங்கேதான். 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரை நாளுக்கு 30 லிட்டர் சூடாக்கினால், நாளொன்றுக்கு 12 கிராம் சுண்ணாம்புச் சத்து கீசர் வழியாகக் கடக்கிறது. நான்கு மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதில் கொஞ்சம் தங்கினாலே காயில் மேல் ஓடு கட்டிவிடும். உள்ளே உருவாகும் சூடு வெளியேற முடியாமல் காயில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு போய்விடும். சூடாகும்போது கீசருக்குள் கொரகொரவென்று சத்தம் கேட்டால், ஓடு கட்டிவிட்டது என்று அர்த்தம்.

காஞ்சிபுரத்தில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தண்ணீரின் குணம் அத்துப்படி. கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்துப் பசையை எடுக்கும்போது எடையில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும், பிறகுதான் சாயம். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் ஒட்டும், நிறம் திட்டுத் திட்டாகும். பட்டு நூலுக்குத் தண்ணீர் பார்த்து ஊற்றுபவர்களின் தெருவிலேயே கீசருக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வாளியில் வெள்ளை வளையம், ஷவர் துளைகள் அடைப்பு, சோப்பு நுரைக்காமை, இவையே போதுமான அடையாளம். எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

கடினத் தண்ணீர் வீட்டில் வருடம் ஒருமுறை, மழை முடிந்து குளிர் தொடங்கும் முன், கீசரைத் திறந்து சுண்ணாம்பை எடுக்க வேண்டும். சிட்ரிக் அமிலம் மாதிரி மென்மையானது போதும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றி "பளிச்னு ஆயிடுச்சு" என்று காட்டுவது டேங்கையே அரித்துவிடும் வேலை. அதே சமயம் அந்த மெக்னீசியம் கம்பியையும் பார்க்க வேண்டும். துருப்பிடிக்கும் விதியைத் தன் மேல் இழுத்துக்கொண்டு, டேங்குக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. கரைந்து முடிந்த அன்றிலிருந்து டேங்கின் முறை. மலிவான உதிரி, கீசரின் ஆயுளையே தீர்மானிப்பது, ஆனால் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

பழைய செம்புப் பாய்லர்கள் இன்றும் சில கொல்லைப்புறங்களில் கிடக்கின்றன. நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர். தலைமுறை தாண்டி உழைத்தவை. செம்பு என்பதால் மட்டும் இல்லை. மூடியைத் திறந்து புளி போட்டுத் தேய்க்க முடிந்தது, ஓட்டை விழுந்தால் பற்றவைக்க முடிந்தது, உள்ளே அழுத்தம் இல்லை. புளியும் அமிலம், சிட்ரிக்கும் அமிலம். கீசருக்கு மூடி போட்டுச் சுவரில் உயரத்தில் மாட்டியதும் அந்தப் பராமரிப்பை மறந்துவிட்டோம்.

யோசிக்காமல் மாற்ற வேண்டியவை

தண்ணீரைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுத்தால், முதலில் மெயினை அணைக்க வேண்டும். பழைய நெசவாளர் வீடுகளில், வரிசை வீடுகளில், கோளாறு கீசரில் மட்டும் இருக்காது. எர்த் கம்பி வருடக்கணக்கில் காய்ந்து, பெயருக்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும். 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில், மெல்லிய ஒயரில் ஓட்டும் வீடுகளும் உண்டு. அங்கே புது கீசரை மாட்டினாலும் அதே ஆபத்துதான், பாக்ஸ் மட்டும் புதுசு. ஷாக் அடிக்கும் வீட்டில் முதல் செலவு எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும். கசிவு கரண்ட் அந்த அளவைத் தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எழுபது வயது அம்மா ஈரக்காலோடு நிற்கும் அறையில், ஸ்டார் எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கீசர், கட்-அவுட்டைக் கழற்றி நேரடியாக ஒயர் இணைத்து 'ஓடுது பாருங்க' என்று கொடுத்த கீசர், காயில் வருடத்துக்கு இரண்டு தரம் போகும் கீசர், இவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது. மாடிக்குப் புதிதாக பிரஷர் பம்ப் போட்டிருந்தால், பழைய கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று அதன் தகட்டில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

உதிரி கிடைக்காததும் ஒரு காரணம்தான், ஆனால் மனசு ஒப்பாத காரணம். டேங்க் நன்றாக இருக்கும், அந்த மாடலின் தகடும் காயிலும் சந்தையில் இருக்காது. இதற்காகத்தான் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. வீட்டுச் சாதனங்களும் அதன் வரம்பில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், போன் போன்றவற்றுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நமக்கு உடனடியாக உதவுவது சாதாரண ஒரு கேள்வி: வாங்கும்போதே கடையில் "இதோட காயில், கேஸ்கட் தனியா கிடைக்குமா, எங்கே?" என்று கேட்பது. பதில் சொல்லத் தயங்கும் மாடலை விட்டுவிடலாம்.

மாற்றுவது என்று முடிவானால், கடினத் தண்ணீர் வீட்டுக்குக் கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்கும், 'இன்கோலாய்' உறை போட்ட காயிலும், சுலபமாகக் கழற்றக்கூடிய மெக்னீசியம் கம்பியும் நல்லது. வாரன்டி அட்டையில் டேங்குக்கு எத்தனை வருடம், காயிலுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாக இருக்கும். தண்ணீரின் தன்மையால் வரும் கோளாறுக்கு வாரன்டி இல்லை என்ற வரி பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். கரண்ட் மிச்சம் என்று கேஸ் கீசருக்குத் தாவுபவர்கள், காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பூட்டிய குளியலறையில் மயங்கி இறந்தவர்கள் உண்டு. கூட்டுக் குடும்பம், வருடம் முழுக்க வெந்நீர், நல்ல மொட்டை மாடி என்றால் சோலார் வாட்டர் ஹீட்டரைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பழைய கீசரை 500 ரூபாய் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பதற்கு முன் டேங்க் என்ன உலோகம் என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கீசர்களில் செம்பு டேங்க் உண்டு. செம்பு என்றால் எடைக்குப் போட்டாலே அதைவிட அதிகம் வரலாம். வாங்க வருபவர் அதைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.